கோஹினூருக்கு இல்லாத மகள்

பதினேழு வருடங்களாகப் பிரதுல் கயேன், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பதிலைக் குறிக்கும் ஒரே வேலையைத்தான் செய்துவந்தார். சம்பளம் கொடுக்கும் தொண்டு நிறுவனங்கள்தான் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு திட்டம் முடிந்ததும் ஷ்யாம்நகர் அலுவலகத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றி, மேசை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று நான்கு மாதத்தில் வேறொரு பெயர்ப்பலகை வரும், பிரதுலுக்குப் போன் வரும். இப்போது இருப்பது ஐந்தாவது. அந்த உப்பாற்றங்கரையில் எந்த வீட்டுக்கு எந்த வரப்பில் ஏறிப் போக வேண்டும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் மாமியார் எதிரில் மருமகள் வாய் திறக்க மாட்டாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முன்பு காகிதத்தில் எழுதினார். இப்போது கையில் தொடுதிரை டேப் ஒன்று கொடுத்திருந்தார்கள். கேள்விகள் அதே கேள்விகள்தான்.

ஹரின்தலா கிராமத்துக் கோஹினூர் பேகத்தை அவர் அக்கா முறையில் ‘ஆபா’ என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் அந்தக் கேள்விகளை எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை.

“குடிதண்ணிக்குப் போய்வர எத்தனை நிமிஷம் ஆகுது ஆபா?”

“நீ மொதமொதல்ல இதைக் கேட்டப்ப உனக்குக் கல்யாணமே ஆகல. இப்ப மண்டையில முடி இல்ல. நிமிஷம் மட்டும் அப்படியேதான் இருக்கு. போட்டுக்கோ.”

“நம்பராச் சொல்லுங்க ஆபா. கட்டத்துல நம்பர்தான் ஏறும்.”

“போறப்ப வெறுங்குடம். வர்றப்ப நெறகுடம். ரெண்டுக்கும் ஒரே நிமிஷமாடா ஆகும்? அதுக்கு உன் கட்டத்துல எடம் இருக்கா?”

இடம் இல்லை. பிரதுல் ஐம்பது என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

கோஹினூருக்கு நாற்பத்தேழு வயது. கணவர் இறால் பண்ணையில் காவல் வேலை. மூன்று மகன்கள். இரண்டு வருடங்களுக்கு முன் இந்த ஐந்தாவது நிறுவனம் அவர் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே மழைநீர் பிடிக்க ஒரு கறுப்புத் தொட்டி வைத்துக் கொடுத்தது. இரண்டாயிரம் லிட்டர். வட்டாரத்தில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு தொட்டிகள். நல்ல காரியம்தான், பிரதுலுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மழை நின்ற பிறகு கோஹினூர் வீட்டுத் தொட்டி ஜனவரி கடைசிவரைதான் தாங்கும். ஓலைக்கூரை வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அவரிடம்தான் வந்து பிடித்துப் போவார்கள். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதன் பிறகு ஜூன் மாத மழைவரை பழையபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய குளத்துக்கு நடைதான். தொட்டி இருக்கிறதா என்று டேப் கேட்டது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று அது கேட்கவில்லை.

அதனால் பிரதுல் தன் பைக்குள் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். எந்த வீட்டுத் தொட்டி எந்த மாதம் வற்றியது, ஏன் வற்றியது என்று அதில் எழுதிக்கொள்வார். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு செரிக்காது, அவ்வளவுதான்.

அந்த டிசம்பரில் டாக்கா தலைமை அலுவலகத்திலிருந்து ஃபாரிஹா போன் செய்தாள். இருபத்தேழு வயதுப் பெண்; அவரை அண்ணன் முறையில் ‘பிரதுல்தா’ என்பாள். நிறுவனத்தின் வேலையைப் பற்றி வெளியுலகத்துக்குக் கதையும் படமும் தயாரிப்பது அவள் பொறுப்பு.

“பிரதுல்தா, அவசரமா ஒரு கதை வேணும். ஒரு பெண், முப்பத்தஞ்சு வயசுக்குள்ள. ரெண்டு பிள்ளைங்க, அதுல ஒண்ணு பொம்பளப்புள்ளையா இருக்கணும். முன்னாடி கஷ்டம், இப்ப சிரிப்பு. நூத்தம்பது வார்த்தைக்குள்ள.”

“என்னம்மா, மாப்பிள்ளை வீட்டுக்குப் பொண்ணு பாக்குற மாதிரி அடுக்குறே?”

அவள் சிரித்தாள். பிரதுல் தேடினார். வயது பொருந்திய பெண்ணுக்கு நான்கு ஆண் குழந்தைகள். குழந்தைகள் பொருந்திய பெண்ணின் தொட்டி ஒழுகியது. எல்லாம் பொருந்திய ஒருத்திக்கு முன்பல் இல்லை; எவ்வளவு கெஞ்சியும் அவள் உதட்டைத் திறக்கவில்லை. நாலு நாள் பெட்ரோலை எரித்துவிட்டுக் கடைசியில் கோஹினூர் வீட்டில் போய் நின்றார். வயது பொருந்தவில்லை, பிள்ளைகளும் பொருந்தவில்லை. ஆனால் சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கிற மனுஷி.

படம் எடுக்க ஒருவர் டாக்காவிலிருந்து வந்தார். கோஹினூரைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ரூப்ஸா பள்ளிச் சீருடையோடு சொம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க வந்தாள். பதின்மூன்று வயது. நண்டு வியாபாரம் செய்யும் மொதாலெப்பின் மகள்; அவர்கள் வீட்டுத் தொட்டி அப்போதே வற்றியிருந்தது. “பாப்பா, நீயும் நில்லு” என்றார் படக்காரர். அவள் நின்றாள். கோஹினூர் அவள் தோளில் கை போட்டார்.

பிரதுல் உட்கார்ந்து ஒழுங்காக எழுதி அனுப்பினார். தொட்டியால் என்ன கிடைத்தது, எது இன்னும் கிடைக்கவில்லை, தண்ணீர் எப்போது தீர்கிறது, யார் யாரோடு பங்கு போடுகிறார்கள், எல்லாம். மூன்றாம் நாள் அது திரும்பி வந்தபோது அவருக்கே அடையாளம் தெரியவில்லை. கோஹினூர் தினமும் நான்கு மணி நேரம் தண்ணீருக்கு நடந்தாராம். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கல்யாணம் பேசிவிட்டார்களாம். தொட்டி வந்தது, கல்யாணப் பேச்சு நின்றது, மகள் பள்ளிக்குப் போகிறாள்.

“ஏம்மா ஃபாரிஹா, கோஹினூர் ஆபாவுக்கு மகளே இல்ல. மூணும் பசங்க.”

“தெரியும் பிரதுல்தா. இது கலவைக் கதை. பல பேர் வாழ்க்கையச் சேத்து ஒரே ஆளாச் சொல்றது. எல்லா எடத்துலயும் பண்றதுதான்.”

“பல பேரச் சேத்தா பல பேர் மூஞ்சியப் போடணும்ல? நீங்க போட்டிருக்கிறது கோஹினூர் ஆபா மூஞ்சி. பக்கத்துல நிக்கிறது மொதாலெப் பாய் மக.”

“இது உள்ளுக்குள்ள அனுப்புற அறிக்கைதான். ஊருக்கு வராது. சம்மதம்னு ஒரு வரி போட்டு அனுப்புங்க, இன்னிக்கே முடிக்கணும்.”

அது மாதக் கடைசி. இருநூற்றுப் பன்னிரண்டு தொட்டிகளையும் நேரில் பார்த்து டேப்பில் ஏற்ற இரண்டு நாள்தான் பாக்கி. பிரதுலுக்கு அலுத்துவிட்டது. ‘சம்மதம்’ என்று தட்டி அனுப்பிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். பிற்பாடு அந்த ஒரு சொல்லை நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

பிப்ரவரியில் ஷ்யாம்நகரில் வளர்ச்சிக் கண்காட்சி நடந்தது. இரண்டாம் நாள் காலை, பிரதுல் அலுவலகத்தில் பொரியும் டீயுமாக உட்கார்ந்திருந்தபோது மொதாலெப் உள்ளே வந்தார். நண்டுக்கூடை நாற்றத்தோடு, செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“என் மகளுக்கு நான் கல்யாணம் பேசினேனா பிரதுல்?”

“என்ன பாய் சொல்றீங்க?”

“கண்காட்சி பேனர்ல எட்டடி ஒசரத்துக்கு என் மக நிக்கிறா. கீழ எழுதியிருக்கு, கல்யாணப் பேச்சு நின்னுச்சாம். எவன்கூடப் பேசினேன்? எப்பப் பேசினேன்? குல்னாவுல இருந்து மச்சான் போன் பண்ணி, பதிமூணு வயசுப் புள்ளையக் கட்டிக்குடுக்கப் பாத்தியா, போலீஸ்ல சொல்லவான்னு கேக்குறான். பள்ளிக்கூடத்துல எல்லாம் அவளப் புதுப்பொண்ணுன்னு கூப்புடுதுங்க. மூணு நாளா போக மாட்டேங்குறா. பாயில குப்புறப் படுத்துக் கெடக்குறா.”

“மூணு நாளாவா? கண்காட்சி நேத்துத்தானே தொடங்குச்சு?”

“அதுக்கு முன்னாடியே போன்ல சுத்திருச்சுப்பா! ஊருக்கே தெரியும், உனக்குத்தான் தெரியல.” மொதாலெப்பின் குரல் இறங்கியது. “கோஹினூர் ஆபாவுக்கு என் மகளத் தூக்கிக் குடுத்ததுகூடப் பரவால்ல. அவ ஒண்ணாங்கிளாஸ்லேருந்து ஒரு நாள்கூட நிக்காமப் படிச்ச புள்ள. தொட்டியப் பாத்தா படிச்சா?”

பிரதுல் எழுந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. மொதாலெப்பை உட்கார வைத்துவிட்டு வெளியே போய் ஃபாரிஹாவுக்குப் போன் செய்தார்.

“ஊருக்கு வராதுன்னு சொன்னீங்களே?”

“கண்காட்சிக்கு வேற பிரிவு எடுத்துப் போட்டுட்டாங்க பிரதுல்தா, எனக்கே இப்பத்தான் தெரியும். ஆனா விஷயம் தப்பில்லையே? ஹரின்தலாவுல இளவயசுக் கல்யாணப் பேச்சு முப்பத்தொரு சதவீதம் கொறஞ்சிருக்கு. உங்க டேப்லேருந்து வந்த கணக்குதான்.”

முப்பத்தொரு சதவீதம்! பிரதுல் கண்ணை மூடிக்கொண்டார். முதல் வருடம் பதின்மூன்று வீட்டில் பேச்சு இருந்தது, அடுத்த வருடம் ஒன்பது வீட்டில். பதின்மூன்றும் ஒன்பதும் அவரே ஏற்றிய எண்கள்தான்.

“அந்த நாலு பேரு எங்கன்னு கேட்டீங்களா? ரெண்டு குடும்பம் செங்கச் சூளைக்குப் போயிருச்சு. ஒண்ணு டாக்காவுக்குத் துணி தைக்கப் போச்சு. நாலாவது பொண்ணுக்குக் கல்யாணமே முடிஞ்சு போச்சு. அதான் பேச்சு இல்ல. இதுல தொட்டி எங்கம்மா வந்துச்சு?”

அவள் வாய் திறக்குமுன் பிரதுலே தொடர்ந்தார்.

“படத்த அங்கேருந்து கழட்டச் சொல்லுங்க.”

“அனுமதி வாங்கணும். எழுதிப் போட்டா ரெண்டு மூணு நாள்...”

பிரதுல் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நேராகக் கண்காட்சிக்குப் போனார். பக்கத்து விதைக்கடைக்காரரிடம் ஒரு முக்காலியைக் கேட்டு வாங்கி, அதில் ஏறி நின்று பேனரின் கயிற்றை அவிழ்த்தார். நிறுவனத்தின் கடையில் இருந்த பையன் பதறிப்போனான்.

“ஐயோ சார், மேல கேட்டா என்ன சொல்றது?”

“கயேன் கழட்டினான்னு சொல்லு. பேர எழுதிக்கோ, மறந்துருவே.”

கழற்றுவது சுலபமாக இருந்தது. கொண்டுபோவதுதான் பெரும்பாடு. சுருட்டிய எட்டடி பேனர் மோட்டார் சைக்கிளில் நிற்கவும் இல்லை, படுக்கவும் இல்லை. குறுக்கே கட்டிக்கொண்டு கடைத்தெருவைக் கடப்பதற்குள் ஒரு முட்டைக்காரரிடமும் இரண்டு வண்டிக்காரர்களிடமும் வசவு வாங்கினார்.

படத்தைக் கழற்றியது மொதாலெப்புக்குப் போதவில்லை. “பேசின வாய் எல்லாம் டீக்கடையில இருக்கு. அங்க வந்து சொல்லு” என்றார். அதில் நியாயம் இருந்தது. சாயங்காலம் ஹரின்தலா டீக்கடையில் பிரதுல் தன் கையால் எழுதிய தாளை எடுத்து நின்றுகொண்டே படித்தார். படத்தில் இருக்கும் பெண் கோஹினூர் பேகத்தின் மகள் இல்லை. அவளுக்கு யாரும் எந்தக் கல்யாணமும் பேசவில்லை. அவள் பள்ளியை ஒரு நாளும் நிறுத்தியதில்லை. தவறு எங்களுடையது. சம்மதம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். 

மூலையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு ஏமாற்றமாகிவிட்டது. “அப்ப கல்யாணமே இல்லியா? மாப்பிள்ளை யாருன்னு வேற சொன்னாங்களே.”

“யாராம்?” என்று எழுந்தார் மொதாலெப்.

“படகுக்கார நூருல் மவன்னு...”

“அவனுக்கு ஒம்பது வயசுய்யா! இன்னும் டவுசர்ல ஒண்ணுக்குப் போறான்!”

கடை முழுக்கச் சிரித்தது. மொதாலெப்பும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் வதந்தி பாதி செத்தது. மீதிப் பாதியைக் கோஹினூர் பார்த்துக்கொண்டார். வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறந்ததும் ரூப்ஸாவை அவரே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் யார் பார்த்தாலும், “என் மவளாம், படத்துல போட்டிருக்கான். பாத்தியா? இனிமே இவளப் பத்தி எவனாவது வாயத் தொறந்தா பெத்தவகிட்டத்தான் பதில் சொல்லணும்” என்றார். ஒரு வாரம் அப்படியே நடந்தது. எட்டாம் நாள், “நீங்க வர வேணாம் சாச்சி, எனக்கு வெக்கமா இருக்கு” என்று ரூப்ஸா தனியாகக் கிளம்பிவிட்டாள்.

மார்ச்சில் பணம் கொடுக்கும் வெளிநாட்டு அமைப்பிலிருந்து மார்கிட் என்ற வயதான அம்மாள் பார்வையிட வந்தார். முதல் நாளே ஃபாரிஹா வந்துவிட்டாள். வந்தவள் முதலில் மொதாலெப் வீட்டுக்குப் போய் ரூப்ஸாவின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். அதைப் பார்த்ததும் பிரதுலுக்கு அவள் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. பிறகு அவள் கோஹினூர் வீட்டுத் தொட்டியைத் தட்டிப் பார்த்தாள். டங் என்றது.

“பிரதுல்தா, நாளைக்குக் கொழாயத் திறந்து காட்டணும். ரெண்டு வண்டித் தண்ணி கொண்டாந்து ஊத்திரலாமா?”

“மார்ச் மாசத்துல தொட்டி காலியாத்தான் இருக்கும். காலியா இருக்கிறதக் காட்டுவோம்.”

“அவங்க நிதிய நிறுத்திட்டா?”

“நிறுத்தினா ஆறாவது பெயர்ப்பலகை வரும். நான் இங்கதான் இருப்பேன்.”

 “நாப்பது கதை எழுதணும் வருஷத்துக்கு” என்று ஃபாரிஹா தன் செருப்பைப் பார்த்துச் சொன்னாள். “மொத வரியில ஒரு பொண்ணு கஷ்டப்படலன்னா அவங்க ரெண்டாவது வரியப் படிக்கிறதில்ல.”

மறுநாள் கோஹினூர் வீட்டு வாசலில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். தொட்டியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் மார்கிட். ஃபாரிஹா மொழிபெயர்க்க உட்கார்ந்தாள். கோஹினூர் ஆரம்பித்தார். தொட்டி நல்ல தொட்டி, மழைக்காலத்தில் இடுப்பு வலி கிடையாது, ஆனால் தகரத்திலிருந்து தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்கால் பாதிக் கூரைக்குத்தான் இருக்கிறது, மிச்சப் பாதி மழை மண்ணுக்குப் போகிறது, குழாய் எட்டு மாதமாகச் சொட்டுகிறது, சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, போதாக்குறைக்கு எனக்கொரு மகளை வேறு பெற்றுக் கொடுத்தார்கள் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். ஃபாரிஹா இரண்டு வாக்கியம் சொன்னாள்.

கோஹினூர் விரலை நீட்டினார். “ஏம்மா, நான் இவ்வளவு பேசினேன். நீ ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டே. மிச்சத்த எங்க வச்சிருக்கே?”

ஃபாரிஹாவின் முகம் சிவந்தது. பிரதுலுக்குப் பொறுமை போய்விட்டது. பின்வரிசையிலிருந்து எழுந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இலக்கணம் இடறி விழ, மிச்சத்தைச் சொன்னார். மகளைப் பற்றிய பகுதியையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மார்கிட் எழுந்து போய்த் தொட்டியைத் தட்டினார். “இந்த மாதிரி எத்தனை காலியாக இருக்கின்றன?” என்று கேட்டார்.  தலைமை அலுவலகத்தின் அச்சடித்த அறிக்கையில் அதற்கு எண் இல்லை. பிரதுல் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பிப்ரவரி முடிவில் இருநூற்றுப் பன்னிரண்டில் எண்பத்தேழு காலி. அதில் அறுபத்தொன்றுக்குக் காரணம் உடைந்த, அல்லது நீளம் பற்றாத கூரை வாய்க்கால். வீட்டுக்காரர் பெயரோடு எழுதியிருந்தது. மார்கிட் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் படம் எடுத்துக்கொண்டார். நன்றி என்றார். வண்டி ஏறிப் போய்விட்டார்.

மே மாதம் ஒரே வாரத்தில் மூன்று கடிதங்கள் வந்தன. முதலாவது, நிறுவனத்தின் உடைமையை அனுமதியின்றி அகற்றியதற்காகப் பிரதுல் கயேனுக்கு எச்சரிக்கை. இரண்டாவது, அறுபத்தொரு வீடுகளுக்குக் கூரை வாய்க்கால் மாற்ற ஒப்புதல். மூன்றாவது, பிரதுலின் நோட்டைப் பார்த்து உற்சாகமாகித் தயாரித்த புதிய கேள்விப் படிவம். மார்ச்சில் தண்ணீர் இருக்கிறதா என்ற கேள்வி அதில் இருந்தது. அதோடு இன்னும் ஐம்பத்தேழு கேள்விகளும் இருந்தன. பிரதுல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஐம்பத்தெட்டாவது கேள்வியை ஃபாரிஹா சண்டை போட்டுச் சேர்த்திருந்தாள்: உங்கள் படத்தையும் கதையையும் நாங்கள் பயன்படுத்தலாமா?

மழைக்கு முன் வாய்க்கால் பூட்டும் ஆட்களோடு பிரதுல் வீடு வீடாக ஏறி இறங்கினார். மொதாலெப் கடைசிக் கேள்விக்கு, “முடியாது. அடிக்கோடு போட்டு எழுது” என்றார். கோஹினூர், “என் மூஞ்சிய ஏற்கெனவே அளவுக்கு மேல பாத்துட்டாங்க, போதும்னு போடு” என்றார். மற்ற வீடுகள் பலவற்றில் முடியாது என்றதற்குக் காரணம்கூடச் சொல்லவில்லை.

ஜூன் முதல் வாரம் டாக்காவிலிருந்து புள்ளிவிவரப் பிரிவுக்காரர் போன் செய்தார்.

“பிரதுல்தா, உங்க டேப் ஏதாவது கோளாறா? கடைசிக் கேள்விக்கு இருநூத்திப் பன்னெண்டுல நூத்தி எழுபத்தொண்ணு ‘இல்ல’ன்னு வந்திருக்கு.”

“டேப் நல்லா இருக்கு தம்பி” என்றார் பிரதுல். “அது ஒண்ணுதான் சரியா வேலை செய்யுது. அப்படியே ஏத்துங்க.”